நாலைந்து கோழிக்கு எந்தக் கூடு?

கூடு விற்கிற இடத்தில் போய் நின்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதில் எத்தனை கோழி அடையும்?" என்றுதான். கடைக்காரரும் தயங்காமல் சொல்வார்: "பத்து தாராளமா அடையும் சார்." அவர் சொல்வது பொய் இல்லை. அந்தி சாய்ந்துவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து விடியும்வரை அசையாமல் கிடக்கும். நான்கடிக்கு மூன்றடி இடத்தில் பத்துக் கோழியை அடைத்துக் கதவைச் சாத்தினால் இரவு அமைதியாகத்தான் கழியும். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திறக்காத நாளில், எட்டு மணிக்குள் வலுத்தது இளைத்ததைக் கொத்த ஆரம்பித்துவிடும். ஒரு முறை ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் அதே இடத்தைத் தேடித்தேடிக் கொத்தும்.

அதனால் கூட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், பகலைப் பற்றி முடிவெடுங்கள். உங்கள் கோழிகள் பகலில் எங்கே இருக்கப் போகின்றன? இதற்குப் பதில் தெரிந்தால் கூட்டின் அளவு, தரை, விலை எல்லாம் தானாக வந்து சேரும்.

தோட்டமோ, களத்துமேடோ, சுற்றுச்சுவருக்குள் விசாலமான கொல்லையோ இருந்து, கோழி நாளெல்லாம் வெளியே மேயும் என்றால் கூடு என்பது வெறும் படுக்கை அறை. ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். ஆறு கோழிக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம். நம் கிராமங்களில் பழைய கூடுகள் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவைதான். திண்ணைக்கு அடியில் ஒரு பொந்து விட்டு, முன்னால் பலகை வைத்து, பலகைக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கோழிக்குக் கூடு என்று தனியாக ஒரு காசு செலவில்லை. ஆனால் அந்தப் பொந்துக்குள் கையை விட்டுக் கூட்டிப் பெருக்க முடியாது, காற்று போகாது, பாம்புக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. அளவை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிலைமைதான் இன்று பெரும்பாலோருடையது. நகரத்து விளிம்பில் ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. அதில் வீடு போக மிச்சம் பின்புறம் கொஞ்சம். பக்கத்து வீட்டில் நாய். எதிர்வீட்டில் ஆசையாக வளர்த்த துளசியும் கீரைப்பாத்தியும். இங்கே கோழியை அவிழ்த்துவிட முடியாது. அடையும் இடத்தில் தலைக்கு 4 சதுர அடி, அதை ஒட்டி வலை அடித்த உலாவும் இடம் தலைக்கு 8 முதல் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கோழிக்கு உள்ளே 20, வெளியே 50. கூட்டை இரண்டரை அடி உயரக் கால்களில் தூக்கி நிறுத்தினால் அதன் அடிப்பகுதியும் உலாவும் இடத்தில் சேர்ந்துவிடும், நிழலும் கிடைக்கும். இடம் குறைவாக இருக்கிற வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த அமைப்பைத்தான். அவ்வளவு இடமும் இல்லை என்றால் ஐந்து கோழிக்குப் பதில் மூன்று வாங்குங்கள். கூட்டைச் சுருக்குவதைவிடக் கோழியைக் குறைப்பது நல்லது.

மூன்றாவது, மொட்டை மாடி. சித்திரை வெயிலில் நடுப்பகலில் செருப்பில்லாமல் மாடிக்குப் போய்ப் பாருங்கள். அந்தத் தளத்தில் கோழி நாளெல்லாம் நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, கீற்றுக் கொட்டகையோ, ஓங்கி வளர்ந்த பக்கத்து மரமோ இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம். மாடியில் கூட்டின் மேற்பக்கமும் வலையால் மூடியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பருந்து மேலே வட்டமடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சேவலைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்குச் சேவல் தேவையே இல்லை. பெட்டை தானாக இடும், அந்த முட்டையில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்கே கூவுகிற சேவலால் அக்கம்பக்கத்து உறவு கெட்டுப்போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வார்டு அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

வெயிலுக்கு ஏற்ற கூடு

இணையத்தில் படம் பார்த்து வாங்குகிற அழகான மரக்கூடுகள் இருக்கின்றனவே, சரிவான கூரை, சின்ன ஜன்னல், ஏறிப்போக ஒரு ஏணிப்பலகை, பக்கவாட்டில் முட்டைப்பெட்டி வைத்தவை. அவை பனி பெய்யும் நாடுகளுக்காக வரைந்தவை. அங்கே கோழியின் உடல் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதான் கூட்டின் வேலை. நம் ஊரில் வேலை நேர் எதிர். கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ் இருக்கும். வியர்வைச் சுரப்பி அதற்குக் கிடையாது. வாயைப் பிளந்து இரைப்பதும் இறக்கையை அகட்டுவதும்தான் அதற்குத் தெரிந்த வழி. காற்று நகராத பெட்டிக்குள் அந்த இரைப்பால் ஈரம் ஏறுமே தவிரச் சூடு தணியாது. வேலூரிலும் திருச்சியிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் கொழுத்த கோழிதான் முதலில் விழும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்க்காரர்கள் மூன்று பக்கம் அடைத்து, மேலே மட்டும் காற்றோட்டம் விட்ட கூட்டை வாங்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் எதிரெதிராக உள்ள இரண்டு பக்கமாவது முழுக்க வலையாக உள்ள கூட்டைத்தான் பார்க்க வேண்டும். அடியில் ஒரு அடி உயரத்துக்குப் பலகையோ செங்கல்லோ இருக்கட்டும்; கோழி சீய்க்கும்போது உமி வெளியே சிதறாது, தரையோடு வீசுகிற மழைச்சாரலும் உள்ளே வராது. அதற்கு மேல் கூரைவரை காற்று.

கூரைக்குத் தகரம் மலிவு, சுலபம், நீடிக்கும். ஆனால் இரண்டடி உயரப் பெட்டிக்குத் தகரக் கூரை போட்டால் கோழி வெந்துவிடும். நடுவில் ஐந்தடி உயரமாவது கிடைத்தால், அல்லது தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டினால் தாக்குப்பிடிக்கலாம். மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் சூடு நன்றாகவே குறையும். ஓட்டுக் கூரை தகரத்தைவிடக் குளிர்ச்சி. ஆனால் ஓட்டைத் தள்ளிக்கொண்டு மரநாய் இறங்கும் என்பதால் ஓட்டுக்கு அடியில் ஒரு வலை கட்டாயம். வெறும் கீற்றுக் கூரையும் குளிர்ச்சிதான், ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிற உத்தேசம் இருந்தால்.

கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் கூண்டுகளில் பெரும்பாலும் நாலு விரல்கூட நீண்டிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும் மழை அப்படியே உள்ளே இறங்கும். தரை நனைந்து இரண்டு நாள் காயாமல் கிடந்தால் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சாக்குப் படுதா ஒன்றைச் சுருட்டி வைத்து, மழை வரும்போது இறக்கிவிடுகிற ஏற்பாடு போதுமானது. படுதாவை மழை நின்ற பிறகும் இறக்கியே வைத்திருக்கிறவர்கள் உண்டு. கோழிக்குக் குளிரும் என்று பயம். குளிரைவிட மூச்சுமுட்டல்தான் அதற்கு ஆபத்து.

யாருக்கு எதிராகக் கதவு?

நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் பருந்தைச் சொல்வார்கள். பருந்து பகலில் வந்து குஞ்சைத் தூக்கும். இரவில் அடைகிற கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீரியும் பகல் பிராணிதான். முட்டையைத் தேடி வரும், தரைக்கு அடியில் பறித்துக்கொண்டும் நுழையும். இரவில் வருவது மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு, தெருநாய். இவற்றில் மரநாய் மேலிருந்து வரும், பெருச்சாளி கீழிருந்து வரும், நாய் நேராக வந்து மோதும். கூட்டின் ஆறு பக்கங்களையும் இப்படி ஒவ்வொரு பிராணியாக நினைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள்.

கீரி, மரநாய், சாரைப்பாம்பு எல்லாமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பொறி வைத்துப் பிடிப்பதும் அடித்துக் கொல்வதும் குற்றம். சாரையை அடித்தால் வீட்டு எலியும் பெருகும். ஆகவே உங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் வலையும் தாழ்ப்பாளும்.

வலையில் இரண்டு வகை. அறுகோணக் கண்ணாகப் பின்னிய மெல்லிய கம்பிவலை மலிவு. கோழியை உள்ளே நிறுத்த அது போதும், நாயை வெளியே நிறுத்தப் போதாது. பல்லால் பிடித்து இழுத்தாலே கண் விரிந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி பற்றவைத்த வெல்டு மெஷ்தான் கூட்டுக்கு. அரை அங்குலக் கண் இருக்க வேண்டும். ஒரு அங்குலக் கண்ணுக்குள் பாம்பு புகும், மரநாய் கையை விட்டுத் தலையைப் பிடித்து இழுக்கும். காலையில் தலையில்லாத கோழியைப் பார்த்துவிட்டு ஏதோ செய்வினை என்று நினைத்தவர்கள்கூட உண்டு. வலையின் கண்ணை அளந்தால் விளங்கிவிடும். கடையில் கேஜ் என்று ஒரு எண் சொல்வார்கள். அந்த எண் குறையக் குறையக் கம்பி தடிமன் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மெஷ் மூன்றடி, நான்கடி அகலச் சுருளாக வரும், பிளைவுட் எட்டுக்கு நாலு. கூட்டை நான்கடிக் கணக்கில் திட்டமிட்டால் வெட்டி எறிகிற துண்டு குறையும்.

மண்தரையில் நிற்கிற கூடு என்றால், சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுவிடுங்கள். பறிக்க வரும் பிராணி சுவர் ஓரத்தில்தான் பறிக்கும், வலை தட்டுப்படும், விட்டுப் போய்விடும். பின்னால் தள்ளி நின்று பறிக்கிற யோசனை கீரிக்கு வருவதில்லை.

தாழ்ப்பாளுக்கு வருவோம். கொக்கி மாட்டுகிற கொண்டி, சுழற்றுகிற மரக்கட்டை, கயிற்றுச் சுருக்கு எதுவும் உதவாது. இழுத்து விடும் தாழ்ப்பாளோடு பூட்டுப் போடும் நாதாங்கியும் இருக்கட்டும். பூட்டு பிராணிகளுக்காக அல்ல. தீபாவளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் முந்தைய வாரத்தில் இரண்டு கால் மரநாய்களும் நடமாடும்.

கதவின் அளவையும் கவனியுங்கள். கோழி போகிற வாசல் ஒரு அடிச் சதுரம் போதும். ஆனால் நீங்கள் போக ஒரு வழி வேண்டும். உள்ளே குனிந்து நுழைகிற மாதிரியோ, ஒரு பக்கச் சுவர் முழுதும் திறக்கிற மாதிரியோ, கூரை மேலே தூக்குகிற மாதிரியோ ஏதாவது ஒன்று. வாங்கும் முன் கடையிலேயே ஒரு துடைப்பத்தைக் கையில் எடுத்து, கூட்டின் நாலு மூலையும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாத மூலையை நீங்கள் ஒருபோதும் சுத்தம் செய்யப் போவதில்லை. வேறு எந்தக் குறை இருந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்; இதை முடியாது.

தரை

ஒரு வளர்ந்த கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். ஐந்து கோழிக்கு அரைக் கிலோ, மாதத்துக்குப் பதினைந்து கிலோ. அதில் பெரும்பங்கு இரவில் உட்கார்ந்திருக்கும் கம்புக்கு நேர் கீழே விழும். இதை எப்படி வெளியேற்றப் போகிறீர்கள் என்பதுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும் முறை.

கம்பித்தரைக் கூண்டில் எச்சம் அடியில் இருக்கும் தட்டில் விழுந்துவிடும். தட்டை உருவிக் கொட்டினால் வேலை முடிந்தது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூண்டுதான் கோழிக்கூடு என்றே மனதில் பதிந்திருக்கும். பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு இரவுக்கு மட்டும் அடைகிற சிறுவிடைக் கோழிக்கு அது குற்றமில்லை. நாளெல்லாம் உள்ளேயே நிற்கும் கோழிக்கு, அதிலும் அசீல் போன்ற கனத்த பெருவிடைக்கு, உள்ளங்கால் புண்ணாகும். சீய்ப்பதற்கும் மண்குளியலுக்கும் வழியில்லாமல் கொத்துச் சண்டையும் கூடும். குஞ்சுகளுக்குக் கம்பித்தரை ஆகவே ஆகாது.

உமித்தரை எனக்குப் பிடித்தது. சிமெண்டுத் தளத்தின் மேல் நெல் உமி, கடலைத் தோல், மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு எது கைக்குக் கிடைக்கிறதோ அதை மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, வாரம் இரண்டு முறை கிளறிவிட வேண்டும். எச்சம் அதிலேயே காய்ந்து கலந்துவிடும். கையில் அள்ளிப் பிசைந்தால் உதிர வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் ஈரம் கூடிவிட்டது, புது உமி போட்டுக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் தூவிக் கிளறுங்கள். சில மாதம் கழித்து அள்ளினால் மட்கவைத்துச் செடிக்குப் போட நல்ல எரு. ஆனால் உமித்தரைக்கு ஒரு நிபந்தனை உண்டு: கூரை ஒழுகக் கூடாது. ஒழுகுகிற கூட்டில் உமித்தரையைவிடக் கம்பித்தரையே மேல்.

துர்நாற்றம் இருக்கிறதா என்று நின்ற உயரத்தில் மோந்து பார்த்துப் பயனில்லை. காலையில் கதவைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்திருக்கிறது. கோழிக்குச் சளியும் கண்நோயும் அதில்தான் ஆரம்பிக்கும்.

கம்பும் பெட்டியும்

கோழி உறங்க விரும்புவது தரையில் அல்ல, கிளையில். கூட்டுக்குள் குறுக்குக் கம்பு ஒன்றாவது வேண்டும். தலைக்கு 8 முதல் 10 அங்குல நீளம். அப்படியானால் நான்கடிக் கம்பில் ஐந்து கோழி. ஒன்றரை, இரண்டு அங்குலக் கனத்தில் சவுக்குக் கம்பு பொருத்தமானது. பட்டையை முழுக்கச் சீவிவிடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். இரண்டு கம்பு வைத்தால் படிக்கட்டுப் போல வைக்காமல் ஒரே உயரத்தில், ஒரு அடி இடைவெளியில் வையுங்கள். உயரம் வேறுபட்டால் மேல்கம்புக்குத் தினமும் சண்டை. சிறுவிடை மூன்றடி உயரத்துக்கும் பறந்து ஏறும். கனத்த கோழிக்கு ஒன்றரை, இரண்டடியைத் தாண்ட வேண்டாம். ஏறிவிடும், இறங்கும்போது காலைக் கெடுத்துக்கொள்ளும்.

முட்டையிடும் பெட்டி ஒரு அடி நீளம், அகலம், உயரம். நாலைந்து கோழிக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கும். பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் இரவில் அதிலேயே ஏறிப் படுத்து எச்சமிடும், காலையில் முட்டையும் அழுக்காகும். இருட்டான மூலையாகப் பார்த்து வையுங்கள். பெட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. பழைய மூங்கில் கூடையோ, வாய் அகன்ற மண்சட்டியோ, உள்ளே மணலும் வைக்கோலும் போட்டு வைத்தால் பெட்டை மறுப்புச் சொல்லாது. அடை வைக்கிற கூடையில் கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது பாட்டிகள் வழக்கம், இடிச் சத்தத்தில் முட்டை கூழாகாமல் இருக்க. மிளகாய் என்ன செய்யும் என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். கூடவே ஒரு கொத்து வேப்பிலையும் வைப்பார்கள்.

மரமா, இரும்பா, மூங்கிலா?

இதற்கான பதிலை ஒரு பூச்சி தீர்மானிக்கிறது. கோழி உண்ணி என்பது பகலில் கோழியின் மேல் இருக்காது. மரச் சந்திலும், மூங்கில் கணுப் பிளவிலும், சுவர் வெடிப்பிலும், கம்பின் பட்டைக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். விளக்கணைந்த பிறகு வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். அதன் இளம்பருவம் மட்டும்தான் இறக்கைக்கு அடியில் சில நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கோழி மட்டும் இளைத்துக்கொண்டே வரும், முட்டை குறையும். இந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து பிழைக்கும். ஆகவே "கூடு ஆறு மாசமா சும்மாதான் கிடக்கு, சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லி யாராவது பழைய மரக்கூட்டைக் கொடுத்தால், இனாமாக இருந்தாலும் யோசியுங்கள்.

மரக்கூட்டில் சந்துகள் அதிகம். அதோடு கரையானும் உண்டு. மரம்தான் வேண்டும் என்றால் இணைப்புகள் குறைவாக, இடைவெளியில்லாமல் பொருந்திய கூட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடியுங்கள். மூங்கில் லேசானது, மலிவு, காற்றோட்டமானது, ஆனால் அதன் ஒவ்வொரு பிளவும் உண்ணிக்கு வீடு. இரும்புச் சட்டமும் வெல்டு மெஷ்ஷும் உள்ள கூட்டில் ஒளிய இடம் குறைவு. சந்தேகம் வந்தால் கோழிகளை வெளியேற்றிவிட்டுத் தீக்காட்டிச் சுத்தம் செய்யலாம். பழைய கூண்டு வாங்கினாலும் இரும்பாக இருந்தால் இப்படித் தேற்றிக்கொள்ளலாம். நாலைந்து கோழி வளர்ப்பவர் ஒருவர் என்னிடம் கேட்டால் இரும்புச் சட்டம், கீற்றோ ஓடோ போட்ட கூரை, சிமெண்டுத் தரையில் உமி, சவுக்குக் கம்பு என்றுதான் சொல்வேன். படத்தில் வைத்துப் பார்க்க அழகாக இருக்காது.

இந்தக் கூட்டை ஆயத்தமாக வாங்குவதைவிடத் தெருமுனையில் இருக்கும் கிரில் பட்டறையில் செய்துகொள்வது பல சமயம் நல்லது. அங்கே பெரும்பாலும் கிலோக் கணக்கில் விலை சொல்வார்கள். அதனால் கனத்த ஆங்கிளைப் போட்டு எடையைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். நாலு மூலைக் கால்களுக்கு மட்டும் கனம் போதும், குறுக்குச் சட்டங்களுக்கு மெல்லிய குழாய் போதும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பற்றவைத்த இடங்களில் கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. விரலால் தடவிப் பார்த்து அங்கேயே ராவச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத பெயிண்ட் அடித்து, வாசனை முழுக்கப் போன பிறகு கோழியை விடுங்கள்.

ஆயத்தக் கூடு என்றால் கடைக்காரர் சொல்லும் கோழிக் கணக்கை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். முட்டைப்பெட்டி, ஏணிப்பலகை, தீனித்தட்டு வைக்கும் இடம் எல்லாம் போக மிஞ்சுகிற தரையை அளந்து, முன்னால் சொன்ன 2 அல்லது 4 சதுர அடியால் வகுங்கள். "பத்துக் கோழிக் கூடு" பெரும்பாலும் நாலில் வந்து நிற்கும்.

வைக்கிற இடம்

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். வேம்பு, புங்கன் நிழல் சிறந்தது. தென்னைக்கு அடியில் வேண்டாம்; ஒரு மட்டை விழுந்தாலே கூரை போய்விடும். மழைத்தண்ணீர் தேங்காத மேடு, இல்லாவிட்டால் ஒரு அடி மண் கொட்டி மேடாக்குங்கள். கிணற்றுக்கும் அடுப்படிக்கும் தள்ளி, ஆனால் இரவில் கோழி கத்தினால் படுக்கையிலிருந்து கேட்கிற தூரத்தில். ஆனியிலிருந்து புரட்டாசிவரை தென்மேற்குக் காற்று எந்த வீட்டு ஜன்னலை நோக்கிப் போகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் பிறகு பேச்சு வாங்க வேண்டியிருக்காது. கால் வைத்த கூடு என்றால் ஒவ்வொரு காலையும் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது. அடைக்கோழி குஞ்சு பொரிக்கும் நாளில் எறும்புதான் முதல் விரோதி.

எந்தக் கூடு வாங்கினாலும் கூடவே ஒரு பஞ்சாரம் வாங்கி வையுங்கள். குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழியைப் பகலில் கவிழ்த்து வைக்கவும், நோய்ப்பட்டதைப் பிரித்து வைக்கவும் வேறு வழி தேட வேண்டாம். சந்தையிலிருந்து புதிதாக வாங்கி வந்த கோழியை நேராகக் கூட்டில் சேர்க்கக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பஞ்சாரமும் கூட்டுக்குப் பக்கத்திலேயே இல்லாமல் வீட்டின் மறுபக்கத்தில் இருக்கட்டும்.

புதுக் கூட்டைக் கோழிக்குப் பழக்க ஒரு வாரம் ஆகும். முதல் நாலைந்து நாட்கள் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வையுங்கள். இரவுக்கு மட்டும் என்று சிறிதாக வாங்கிய கூடு என்றால் அதன் முன்னால் தற்காலிகமாக ஒரு வலைத் தடுப்பு கட்டிக்கொள்ளுங்கள். பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வெளியே விட்டால், இருட்டும்போது தானாகத் திரும்பி வந்து அடையும். பழகிய பிறகு ஏதோ ஒரு நாளிலிருந்து எல்லாக் கோழியும் கூட்டுக்குள் போக மறுத்து முருங்கையிலும் மதில்மேலும் ஏறி உட்கார ஆரம்பித்தால், அவற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டுபோய்க் கம்பின் அடிப்பக்கத்தையும், அது சுவரில் செருகியிருக்கும் இடத்தையும், பெட்டியின் மூலைகளையும் பாருங்கள். சந்துகளில் ஒரு கத்தி முனையை விட்டு இழுத்து, வெள்ளைத் தாளில் தட்டுங்கள். தட்டையான பழுப்பு உண்ணிகளோ ரத்தக்கறையோ விழுந்தால், மறுநாள் காலையே கூட்டைக் காலிசெய்து தீக்காட்டுகிற வேலையைத் தொடங்கிவிடுங்கள்.